வலையமைப்பு மாறும் தொலைபேசியும் இருப்பிடம் அறியும் முறையும்

பண்டைக் கம்பித் தொலைபேசியில் மணி ஒலித்தால், “யார் பேசுவது?” என்பதே முதற் கேள்வியாக இருந்தது. இன்று, “எங்கே இருக்கிறீர்கள்?” என்பது முதற் கேள்வியாகிவிட்டது. இது வெறும் பேச்சு வழக்கின் மாற்றமன்று. கம்பித் தொலைபேசிக்கு அதன் இலக்கமே இடத்தின் பெயராயிற்று. 051 என்று தொடங்கினால் ஹற்றன் பகுதி, 052 என்று தொடங்கினால் நுவரெலியாப் பகுதி என அறிந்தோம். கம்பி எந்தச் சுவரில் முடிகின்றதோ அந்தச் சுவரருகே பேசுபவர் நிற்கின்றார் என்பதில் ஐயமில்லை. கையடக்கத் தொலைபேசியோ கம்பியை அறுத்துக்கொண்டு புறப்பட்டது. அதன் இலக்கம் ஆளைக் காட்டும், இடத்தைக் காட்டாது. அவ்வாறாயின், நாடு விட்டு நாடும் வலையமைப்பு விட்டு வலையமைப்பும் செல்லும் தொலைபேசி இப்பொழுது எங்கே இருக்கின்றது என்பதை எங்ஙனம் அறிவது? அறிந்ததை யாருக்குச் சொல்வது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலையகத்தில் பிறந்த எமக்கு இவ்வினாக்கள் ஏட்டளவில் நிற்பவையல்ல. நகரவாசிக்கு வீட்டிலக்கமும் வீதியின் பெயரும் உண்டு. தோட்டத்து லயக் காம்பிராவில் வாழ்பவருக்குத் தனி முகவரி இல்லாதிருப்பது நெடுங்காலக் குறை. அடியேனின் இளமையில் எங்கள் லயத்துக்கு வந்த கடிதங்கள் யாவும் தோட்டத்துப் பெரிய கந்தோரில் இறங்கி, அங்கிருந்து ஆள் கையில் மேற்கணக்குக்கு ஏறி வரும். சில கடிதங்கள் விடுமுறை முடிந்து நான் கல்லூரிக்குத் திரும்பிய பின்னரே வந்து சேர்ந்ததுண்டு. கடிதம் தாமதித்தால் மனம் வருந்தும். நோயாளியை ஏற்ற வரும் வண்டி தாமதித்தால் உயிர் போகும்.

1990 என்னும் இலக்கத்தில் இயங்கும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை, இந்திய அரசின் நன்கொடையுடன் 2016ஆம் ஆண்டில் மேல், தென் மாகாணங்களில் தொடங்கப் பெற்றுப் பின்னர் நாடெங்கும் விரிந்தது. நள்ளிரவில் ஒரு தாய் பிரசவ வேதனையில் துடிக்க, அவள் கணவன் அவ்விலக்கத்தை அழைக்கின்றான் எனக் கொள்வோம். “எங்கே இருக்கிறீர்கள்?” என்ற கேள்விக்கு, “மேற்கணக்கு, மூன்றாம் லயம்” என்பான். அவனளவில் அது முழு முகவரி. ஆனால் மேற்கணக்கும் கீழ்க்கணக்கும் இல்லாத தோட்டம் எது? அவன் வாய் சொல்ல இயலாததை அவன் கைத்தொலைபேசி சொல்லுமாயின் அதுவே பேருதவியன்றோ?

ஆளின் அடையாளம்

இலங்கையில் செல்லிடத் தொலைபேசிச் சேவை 1989இல் தொடங்கிற்று. ஜீ.எஸ்.எம். என வழங்கும் இலக்கமுறைச் சேவை 1995இல் வந்தது. இம்முறையில் தொலைபேசிக்கு உயிர் நாடியாக விளங்குவது சிம் அட்டை. அதனுள் 15 இலக்கங்கள் வரை கொண்ட ஓர் எண் பதிந்திருக்கின்றது. நாம் பிறருக்குச் சொல்லும் தொலைபேசி இலக்கம் வேறு, இது வேறு. இதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிப்பன. இலங்கைக்கு உரியது 413. அடுத்து வருவன நிறுவனத்தைக் குறிப்பன. எஞ்சியவை அந்நிறுவனத்தின் சந்தாதாரர் ஒருவரை மட்டும் குறிப்பன.

இத்தகைய எண் எம் முன்னோர்க்குப் புதியதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு அழைத்து வரப்பட்டோருக்குத் தகர வில்லை ஒன்று கொடுக்கப்பட்டது. அதனை டின் டிக்கட் என்பர். தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் அதிற் பொறிக்கப்பட்டிருந்தன. வழியில் ஆன செலவு அத்தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டது. சிம் அட்டையின் எண்ணும் அவ்வாறே “இவர் இன்ன இடத்தைச் சேர்ந்தவர், செலவை அங்கே எழுதுக” என்று சொல்கின்றது. பிற வலையமைப்பிற் சென்று பேசும் ‘ரோமிங்’ முறையின் சாரம் இதுவே. இவ்வகையான முதல் ஜீ.எஸ்.எம். உடன்படிக்கை 1992இல் பின்லாந்து நிறுவனம் ஒன்றுக்கும் பிரித்தானிய நிறுவனம் ஒன்றுக்கும் இடையே ஏற்பட்டது.

இரண்டு பதிவேடுகள்

ஒவ்வொரு வலையமைப்பும் இரண்டு வகைப் பதிவேடுகளை வைத்திருக்கின்றது. ஒன்று தாய்ப் பதிவேடு. தன் சந்தாதாரர் அனைவரின் பெயரும் உரிமைகளும் அதிலே நிலையாக இருக்கும். மற்றது விருந்தினர் பதிவேடு. இப்பொழுது தன் எல்லைக்குள் இருக்கும் தொலைபேசிகளைப் பற்றிய தற்காலிகக் குறிப்பு அது.

எடுத்துக்காட்டாக, லண்டனில் வாழும் பழைய மாணவர் ஒருவர் கல்லூரி விழாவுக்காக வந்து, அப்படியே நுவரெலியாவில் உள்ள உறவினரைக் காணச் செல்கின்றார் எனக் கொள்வோம். விமான நிலையத்தில் அவர் தொலைபேசியை இயக்கியதும் அது இலங்கை வலையமைப்பு ஒன்றிடம் தன் எண்ணைச் சொல்லும். இலங்கை வலையமைப்பு அவ்வெண்ணைப் பார்த்து லண்டனில் உள்ள தாய்ப் பதிவேட்டை வினவும். அவர் உண்மையான சந்தாதாரர்தாம் என்பது உறுதியானதும் அவருடைய உரிமைகளின் பிரதி இங்குள்ள விருந்தினர் பதிவேட்டுக்கு வரும். தாய்ப் பதிவேடு தன்னிடத்தில், “இவர் இப்பொழுது இன்ன பதிவேட்டின் பொறுப்பில் இருக்கின்றார்” என்று மட்டும் எழுதிக்கொள்ளும். முன்பு அவர் இருந்த பதிவேட்டில் அவர் பெயர் அழிக்கப்படும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. தாய்ப் பதிவேடு எந்த விருந்தினர் பதிவேட்டிடம் கேட்கவேண்டும் என்பதை அறியுமேயன்றி, அவர் நிற்பது நானு ஓயாவிலா நல்லதண்ணியிலா என்பதை அறியாது. விருந்தினர் பதிவேடும் முழுவதும் அறிந்ததன்று. பேசாதிருக்கும் தொலைபேசியைப் பற்றி, பல கோபுரங்கள் சேர்ந்த ஒரு வட்டாரத்துள் அது இருக்கின்றது என்ற அளவே அதற்குத் தெரியும். தொலைபேசி வட்டாரம் மாறும் பொழுதும், குறித்த கால இடைவெளிகளிலும், பெரட்டுக்களத்திற் பெயர் கொடுப்பதுபோலத் தன் வரவைச் சொல்லும். அழைப்பொன்று வரும்போதுதான் அவ்வட்டாரத்துக் கோபுரங்கள் யாவும் அதன் பெயரைக் கூவி அழைக்கும். அது எந்தக் கோபுரத்துக்கு விடை சொல்கின்றதோ, அங்கேதான் அது இருக்கின்றது என்பது அப்பொழுது புலனாகும்.

இடத்தை அளக்கும் வழிகள்

இடமறிவதற்கு எளிய வழி கோபுரத்தின் எல்லையைக் கொள்வது. ஒரு கோபுரத்தின் அலைகள் பரவும் பகுதியைச் செல் என்பர். தொலைபேசி இந்தச் செல்லில் இருக்கின்றது என்றால், கோபுரம் நிற்கும் இடத்தைக் கொண்டு ஆளின் இடத்தை மட்டிடலாம். நகரில் இது சில நூறு மீற்றர் அளவிலே பிழைக்கும். நாட்டுப்புறத்திற் பல கிலோமீற்றர் பிழைக்கும்.

இதனைத் திருத்த அலை செல்லும் காலத்தை அளப்பர். ஜீ.எஸ்.எம். முறையில் தூரத்துத் தொலைபேசியின் செய்தி பிந்தி வந்து பிறர் செய்தியோடு மோதாதிருக்க, “நீ இத்துணை முந்தி அனுப்பு” என்று கோபுரம் கட்டளையிடும். அக்கட்டளையின் ஒரு படி 3.69 மைக்ரோ வினாடி. மின்காந்த அலை வினாடிக்கு 300,000 கிலோமீற்றர் செல்வதால், அக்காலத்தில் அது ஏறக்குறைய 1,107 மீற்றர் ஓடும். அது போய் மீளும் தூரமாதலின், பாதியாகிய 553 மீற்றர் ஒரு படிக்குரிய தூரம். 0 முதல் 63 வரை படிகள் உண்டு. ஆகவே எல்லை ஏறக்குறைய 35 கிலோமீற்றர். “நான்காம் படி” என்றால் ஆள் கோபுரத்திலிருந்து ஏறத்தாழ 2 கிலோமீற்றருக்கு அப்பால் நிற்கின்றார் என மாணவர்கள் தாமே கணித்துக்கொள்ளலாம்.

சமவெளியில் இக்கணக்கு நன்கு பயன்படும். மலைநாட்டிலோ அலை செல்லும் வழி வேறு, ஆள் செல்லும் வழி வேறு. காசல்ரீ நீர்த்தேக்கத்தின் ஒரு கரையிலுள்ள லயத்தில் நிற்பவரின் தொலைபேசி, அருகேயுள்ள மலை மறைப்பதனால், தன் பக்கத்துக் கோபுரத்தை விட்டு, நீர்ப்பரப்பைத் தாண்டி மறுகரையிலுள்ள கோபுரத்தைப் பற்றுதல் கூடும். அலைக்கு அது நேர்வழி. அம்புலன்ஸ் வண்டிக்கோ கரையைச் சுற்றிவரும் நெடுவழி. கோபுரத்தின் இடத்தை ஆளின் இடமாகக் கொண்டு வண்டியை அனுப்பினால் அது எதிர்மலையிற்போய் நிற்கும். கடற்கரையிலும் இத்தகைய மயக்கம் உண்டு. தனுஷ்கோடிக் கரையில் நிற்பவரின் தொலைபேசியில் இலங்கை வலையமைப்பின் பெயர் தோன்றுவதுண்டு. அங்கே கோபுரம் நிற்பது ஒரு நாடு, ஆள் நிற்பது மற்றொரு நாடு.

மூன்றாவது வழி செய்மதி. ஜீ.பீ.எஸ். செய்மதிகள் பூமிக்கு மேல் ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றுகின்றன. குறைந்தது நான்கு செய்மதிகளின் குறிப்பைக் கேட்டால் தொலைபேசி தன் இடத்தைத் தானே கணித்துக்கொள்ளும். திறந்த வெளியில் அது சில மீற்றருக்குள் அடங்கும். ஆயினும் ஒரு செய்மதி தன் பாதையைச் சொல்லும் செய்தி வினாடிக்கு 50 பிற்று வீதமே வருவதால், அதைக் கேட்டு முடிக்க அரை நிமிடமளவு செல்லும். ஆழ்ந்த பள்ளத்தாக்கிலும் தகரக் கூரையின் கீழும் அது விட்டுவிட்டுக் கேட்பதனால் இன்னும் தாமதிக்கும். ஆகையால் வலையமைப்பு அச்செய்தியை முன்னதாகவே சேர்த்துவைத்து, “நீ இன்ன பகுதியில் இருக்கின்றாய், உன் தலைக்கு மேல் இன்ன செய்மதிகள் உள” என்று தொலைபேசிக்குச் சொல்லிக் கொடுக்கும். இதனைத் துணை பெற்ற ஜீ.பீ.எஸ். எனலாம்.

வலை மாறும்போது நேரும் இடர்

இப்பொழுது நம் லண்டன் நண்பரிடம் மீள்வோம். அவர் தொலைபேசிக்குத் துணை செய்ய வேண்டிய நிலையம் லண்டனில் உள்ளது. தொலைபேசி, தான் பற்றிய கோபுரத்தின் குறியெண்ணை அங்கே அனுப்புகின்றது. லண்டன் நிலையத்திடம் இங்கிலாந்துக் கோபுரங்களின் அட்டவணை உண்டு. மஸ்கெலியாக் கோபுரத்தின் குறியெண்ணை அது அறியுமோ? அறியாது. ஆகவே அது இலங்கை வலையமைப்பின் நிலையத்திடம், “இக்குறியெண் எந்த இடம்?” என்று கேட்க வேண்டும். இருவருக்குமிடையே இதற்கென உடன்பாடு இருந்தால் விடை வரும். பேசுவதற்கும் செய்தி அனுப்புவதற்கும் உடன்பாடு செய்த இரு நிறுவனங்கள் இடம் சொல்வதற்கும் உடன்பாடு செய்திருக்கும் என்பது நிச்சயமில்லை.

வேறோர் இடரும் உண்டு. ரோமிங்கில் உள்ள தொலைபேசியின் இணையத் தொடர்பு, பெரும்பாலும் முதலில் தாய் வலையமைப்புக்குச் சென்று அங்கிருந்தே உலகத்துக்குப் புறப்படும். அதனால் இணைய முகவரியைக் கொண்டு இடத்தை ஊகிக்கும் சேவைகள், நுவரெலியாவிற் குளிரில் நடுங்கும் நண்பருக்கு லண்டன் மருந்துக்கடைகளைக் காட்டும்.

இவ்விடர்களுக்குப் பன்னாட்டுத் தொழில்நுட்ப விதிகள் ஒரு வழி வகுத்துள்ளன. இடம் வேண்டுவோர் கேள்வியைத் தாய் வலையமைப்பின் வாயில் நிலையத்திற் கொடுப்பர். அது தாய்ப் பதிவேட்டைப் பார்த்து, ஆள் எந்த வலையமைப்பில் இருக்கின்றார் என அறிந்து, அவ்வலையமைப்பின் வாயில் நிலையத்துக்குக் கேள்வியை அனுப்பும். அளப்பது விருந்து வலையமைப்பின் வேலை. ‘சொல்லலாமா?’ என்று ஆராய்வது முதன்மையாகத் தாய் வலையமைப்பின் வேலை. கண் ஓரிடத்திலும் காவல் ஓரிடத்திலுமாக அமைத்த இவ்வேற்பாடு மிக நுட்பமானது.

அவசர வேளையில்

அவசர அழைப்புக்கு மட்டும் இச்சுற்றுவழி பொருந்தாது. சிவனொளிபாத மலைப் படியில் வழுக்கி விழுந்தவரின் இருப்பிடத்தை லண்டனுக்குக் கேட்டனுப்பி விடை பெறுதல் தகுமோ? ஆகவே அவசர அழைப்பு எந்த வலையமைப்பிற் பிறக்கின்றதோ அவ்வலையமைப்பே அதை ஏற்று, இடத்தை அளந்து, உள்ளூர் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி. 112 போன்ற எண்ணை அழைக்கும்பொழுது, தன் நிறுவனத்தின் அலை கிடையாத இடத்திலும், கிடைக்கின்ற எந்த நிறுவனத்தின் கோபுரத்தையும் தொலைபேசி பற்றிக்கொள்ளும்.

அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டிலேயே அவசர அழைப்புடன் இடத்தையும் தருமாறு நிறுவனங்களுக்குக் கட்டளை பிறந்தது. 2014இல் பிரித்தானியாவில் எளிய முறையொன்று தொடங்கிற்று. அவசர இலக்கத்தை அழைத்தவுடன் தொலைபேசி தானாகவே செய்மதி வழித் தன் இடத்தைக் கணித்து, குறுஞ்செய்தியாக அவசர நிலையத்துக்கு அனுப்பிவிடும். 2022 மார்ச் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் புதிய திறன்பேசிகள் யாவும் அழைப்புடன் இடத்தைத் தரத் தக்கனவாக இருத்தல் வேண்டும். ஆயினும் இதிலும் ரோமிங் ஒரு முட்டுக்கட்டை. குறுஞ்செய்தி என்பது தாய் வலையமைப்பின் நிலையத்துக்குச் சென்றே பிறருக்குச் செல்லும் இயல்புடையது. வெளிநாட்டு சிம் அட்டையிலிருந்து பிறந்த குறுஞ்செய்தி தாய்நாட்டுக்குச் சென்று வழி தெரியாது நிற்றல் கூடும். அழைப்பு இங்கே, முகவரி அங்கே என்ற நிலை! இதற்கு நாடுகளிடையே ஏற்பாடு வேண்டும்.

யாரென்று கேளாத அறிவிப்பு

இடஞ்சார்ந்த சேவைகளுள் ஒன்று மட்டும் எவருடைய பெயரையும் எண்ணையும் வேண்டுவதில்லை. அதுவே செல் ஒலிபரப்பு. கோபுரம் தன் எல்லைக்குள் உள்ள தொலைபேசிகள் அனைத்துக்கும் ஒரே வேளையில் ஒரு செய்தியைச் சொல்லும். அது எந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர், எந்த நாட்டவர் என்று பாராது. அம்முறையை ஏற்கும் தொலைபேசிகள் யாவும் கேட்கும். செய்தியுடன் மொழிக்குறியையும் சேர்த்தனுப்ப இயலும் என்பதனால் தமிழ் அறிந்தவர் தமிழிலே பெறலாம். இலங்கையில் இத்தகைய அனர்த்த எச்சரிக்கை வலையமைப்பு ஒன்று, மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வின் பயனாக, 2009இல் தொடங்கப் பெற்றது.

இதன் அருமை மலைநாட்டாருக்கே நன்கு புரியும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. மண்ணுள் எத்தனை பேர் இருந்தனர் என்பதற்கே முதல் நாட்களில் வெவ்வேறு கணக்குகள் கூறப்பட்டன. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். மத்திய மலைநாட்டின் மண்சரிவுகள் கொண்டுசென்ற உயிர்கள் அவற்றுட் பல. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை நிலை நிலையாக வெளியிடுகின்றது. அது எந்தச் சரிவின் கீழ் யார் உறங்குகின்றனரோ அவர் செவியில், அவர் மொழியில், உரிய வேளையில் விழ வேண்டும். அன்றேல் எச்சரிக்கை கந்தோர்க் கோவையிலே நின்றுவிடும்.

யார் கேட்கலாம்?

இருப்பிடத்தை அறியும் ஆற்றல் இருபுறமும் கூரிய வாள். எம் மலையக வரலாறு இதனை எமக்குக் கற்பித்திருக்கின்றது. முற்காலத்தில் கங்காணியின் ஆட்கள் ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குச் செல்வதாயின், ‘துண்டு’ என்னும் சீட்டு வேண்டும். இவர்தம் கடன் இவ்வளவு, அதைச் செலுத்தினால் விடுவிக்கப்படுவர் என்று அது சொல்லும். புதிய தோட்டம் அக்கடனைச் செலுத்தி ஆளை எடுக்கும். ஆள் எங்கே இருக்கின்றார் என்பது துரைக்கும் தெரியும், கங்காணிக்கும் தெரியும். ஆனால் அந்த அறிவு ஆளுக்கு உதவவில்லை, அவரைக் கட்டி வைத்தது. 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் அம்முறை ஒழிந்தது. பதிவேடு தீயதன்று, அது யாருடைய பயன் கருதி வைக்கப்படுகின்றது என்பதே கேள்வி.

மேற்சொன்ன பன்னாட்டு விதிகள் இடம் கேட்போரை நான்கு வகையாகப் பிரிக்கின்றன: அவசர உதவியினர், வலையமைப்பை நடத்துவோர், சட்டத்தின்படி அதிகாரம் பெற்றோர், வணிகச் சேவையினர். அவசர உதவிக்குத் தடை இருத்தலாகாது. வணிகச் சேவைக்கோ ஆளின் சம்மதம் வேண்டும். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்துறைக்கு அடித்தளமிட்டது. நாடு கடந்து செல்லும் தொலைபேசியின் விடயத்தில், தாய்நாட்டில் அவர் கொடுத்த சம்மதம் எத்தகையது என்பதை விருந்து நாடும் மதித்தல் வேண்டும்.

நாம் செய்யத்தக்கது

நிறுவனங்களும் அரசும் செய்ய வேண்டியன பல. அவை நிறைவேறும் வரை நாம் வாளாவிருத்தல் வேண்டா. திறன்பேசிகள் தம் அகலாங்கையும் நெட்டாங்கையும் காட்டும். ஹற்றன் நகரம் வடக்கு 6.9 பாகை, கிழக்கு 80.6 பாகை என்னும் அளவில் உள்ளது. தசமப் புள்ளிக்குப் பின் நான்கு தானங்கள் எழுதினால் பிழை ஏறக்குறைய 11 மீற்றருக்குள் நிற்கும். ஒரு லயத்தைக் கண்டுபிடிக்க அது போதும். மலையகத்து மாணவர்கள் தம் விடுமுறையில் ஒவ்வொரு லயத்தின் முன்னும் வெளியில் நின்று அவ்வெண்களைக் குறித்து, தோட்டத்தின் பெயர், கணக்கு, லய இலக்கம் ஆகியவற்றோடு சுவரில் எழுதி வைக்கலாம். அதே பட்டியலை உள்ளூர் வைத்தியசாலைக்கும் அம்புலன்ஸ் நிலையத்துக்கும் கொடுக்கலாம். மூன்றாம் லயத்தவன் நள்ளிரவில் அழைக்கும்போது சுவரைப் பார்த்து இரண்டு எண்களை வாசித்தால் வண்டி எதிர்மலைக்குச் செல்லாது.

வெளிநாட்டிலிருந்து வரும் பழைய மாணவர்களும் ஒன்று செய்யலாம். இங்குள்ள அவசர இலக்கங்களைத் தெரிந்துகொள்க. மலையேறு முன் தொலைபேசியின் இடங்காட்டும் வசதியை இயக்கி வைக்க. தம் தொலைபேசி எந்த நாட்டைத் தாயாகக் கொண்டதாயினும், அவசரத்தில் அவரைக் காக்கப்போவது அவர் நிற்கும் மண்ணிலுள்ள கோபுரமே என்பதை நினைவிற் கொள்க.

1823இல் தொடங்கியதெனக் கொள்ளப்படும் எம் மக்களின் மலைவாழ்வு இருநூறாண்டுகளைக் கடந்துவிட்டது. தகர வில்லையில் எண் தாங்கி வந்தவரின் பேரப்பிள்ளைகள் இன்று கையில் உலகையே தாங்கி நிற்கின்றனர். அன்று அவர்தம் இருப்பிடத்தைப் பிறர் தம் பயனுக்காக எழுதினர். இனி அதனை நம் பயனுக்காக நாமே எழுதுவோமாக.